யாரிடம் கேட்டது

எழுநூறு வருஷத்துக்கு முந்திய பெண்கள் நூர் முகம்மதுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள்.

நியூஜெர்சியில் பார்சிப்பனி என்ற ஊரில் அவர் மேனேஜராக இருந்த கம்பெனியின் கேஃபடீரியாவில், சாலட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவரிடம் கேட்டுவிட்டாள்: உங்கள் மதத்தில் பெண்களைப் படிக்க விடுவார்களா? இது 2006 ஜனவரியில். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நாலைந்து வருஷமாகப் பதில் சொல்லிப் பழகியவர்தான் அவர். ஆனால் அன்றைக்கு வாயில் தக்காளி இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் அந்த அம்மாள் வேறு மேசைக்குப் போய்விட்டாள். பதில் சொல்லாமல் விட்ட அந்தக் கேள்வி அவரை ஒரு வாரம் அரித்தது.

வடக்கு நியூஜெர்சியில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் சங்கத்துக்கு அவர் தலைவர். மூன்றாவது முறையாகத் தலைவர். எதிர்த்து நிற்க யாருக்கும் நேரம் இல்லை என்பதை அவர் தன் செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதக் கூட்டத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்கினார். 'இடைக்கால இஸ்லாத்தில் பெண்களின் கல்வியும் அதிகாரமும்' என்று தலைப்பு வைத்தார். கேஃபடீரியா அம்மாளையும் ஆபீஸில் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிடுவது. பேசுவது அவரே. பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. இனி பாக்கி இருந்தது, என்ன பேசுவது என்பது மட்டும்தான்.

அதற்கும் ஆள் இருந்தது. ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்குவேர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நாலாவது மாடியில், ஒற்றை பெட்ரூம் வீட்டில் ஃபைஸின் மனைவி முனவ்வரா சும்மா இருந்தாள். ஃபைஸ் மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அவன் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது அவளுடைய விசா. அதை வைத்து அமெரிக்காவில் மூச்சு விடலாம், வேலை பார்க்கக் கூடாது. அறந்தாங்கிக்காரி. எம்.எஸ்ஸி. வேதியியல், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்குக் குரல் வராது. வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் பேசாமல் நின்றதால்தான் முதல் இடம் போனது.

நூர் முகம்மது ஃபோன் பண்ணியபோது ஃபைஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"உன் வைஃப் லைப்ரரிக்கெல்லாம் போகுதாமே. கொஞ்சம் பாயிண்ட்ஸ் எடுத்துக் குடுக்கச் சொல்லேன்" என்றார் அவர்.

"தாராளமா அங்கிள். அவ சும்மாதான இருக்கா."

அப்படிச் சும்மா இருந்தவள், அந்த நேரத்தில் ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, மறுகையால் அவனுடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் கொடுத்த சம்மதத்துக்கு எதிராக அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் அவளைப் பற்றி எல்லோருக்கும் பிடித்த விஷயம்.

நூலகத்துக்கு அவள் ஏளனத்தோடுதான் போனாள். சங்கத்துப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெண்களை மதிக்க வேண்டும் என்று நாலு மேற்கோள், பெண்கள் கொண்டுவந்த வடைக்கு நன்றி, முடிந்தது. ஆனால் நூலகப் பெண்மணி வேறு ஊர் நூலகங்களிலிருந்தெல்லாம் புத்தகங்களை வரவழைத்துக் கொடுத்தாள். விஷயத்தைவிட அடிக்குறிப்பு அதிகமாக இருந்த தடிப் புத்தகங்கள். முனவ்வராவுக்கு அடிக்குறிப்பு பிடிக்கும். மேலே பெரிதாகப் பேசுபவன் கீழே கணக்குச் சொல்லியாக வேண்டிய இடம் அது.

ஒரு வாரத்தில் ஏளனம் போய்விட்டது. அதாவது, பழைய காலத்தின் மேலிருந்த ஏளனம் போனது. இந்தக் காலத்தின் மேலிருந்தது கூடியது.

டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் ஒரு வழக்கம் இருந்தது. நபிமொழி ஒன்றைச் சொல்பவர், அதை யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று முழுச் சங்கிலியையும் சொல்ல வேண்டும். சங்கிலியில் ஆட்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு மதிப்பு. அதனால் வயதான ஓர் ஆசிரியர் கண்ணை மூடுவதற்குள் அவர் வாயால் கேட்டுவிடட்டும் என்று மூன்று வயசு, நாலு வயசுக் குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். பெண் குழந்தைகளையும்தான். அந்தக் குழந்தையின் பெயரும் கேட்டவர்கள் பட்டியலில் ஏறியது. எழுபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த ஆசிரியரை நேரில் கேட்டவர்களில் ஊரிலேயே அவள் ஒருத்திதான் மிச்சம் இருப்பாள். அப்போது தாடி நரைத்த பெரிய மனிதர்கள் ஊர் விட்டு ஊர் வந்து அவள் வாசலில் காத்திருந்தார்கள். அவள் முன்னால் புத்தகத்தை வாசித்தார்கள். தப்பாக வாசித்தால் அவள் திருத்தினாள். கடைசியில், இதை என்னிடம் கேட்டாய், இதைப் பிறருக்குச் சொல்ல உனக்கு அனுமதி உண்டு என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்துக்கு இஜாஸா என்று பெயர். அவர்களும் தாங்கள் சாகும் வரை அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அன்றைக்கு யார் யார் உட்கார்ந்து கேட்டார்கள் என்றும் எழுதி வைத்தார்கள். யார் வாசித்தது, யார் பாதியில் வந்தது, யார் பேசிக்கொண்டே இருந்தது. தூங்கியவரைத் தூங்கினார் என்றே எழுதினார்கள். இந்தச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு அவளுக்கு ஞாபகம் வந்தது. நாலு வருஷமாக அதில் ஒரே வாக்கியம்தான்: கூட்டம் இனிதே நடைபெற்றது.

இது அவளுக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான். ஆய்வக நோட்டில் இப்படித்தான் எழுதுவார்கள். என்ன செய்தது, எந்தத் தேதி, யார் செய்தது, யார் பார்த்தது. அவள் எம்.எஸ்ஸி. புராஜெக்டில் கண்டுபிடித்த ஒரு சின்ன விஷயம் பிறகு கட்டுரையாக வந்தபோது, வழிநடத்திய பேராசிரியரின் பெயர் இருந்தது, அவருடைய மச்சினன் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. நோட்டு மட்டும் அவள் கையெழுத்தில் எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கிறது.

மார்ச் முதல் வாரத்தில் பதினான்கு பக்கம் முடிந்தது. விருந்தாளிகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஃபைஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"என்னங்க, அங்கிள் பேசும்போது இது நான் எழுதினதுன்னு என் பேர ஒரு தடவ சொல்லணும்."

"நீதான் ஸ்டேஜ் பக்கமே வர மாட்டியே."

"ஸ்டேஜ் வேணாம். பேரு மட்டும் போதும்."

ஃபைஸ் சிரித்தான். கெட்டவன் இல்லை. அவளுக்கும் ஆசைகள் இருக்கும் என்று யோசித்துப் பார்க்காதவன், அவ்வளவுதான். கட்டாயம் சொல்வதாக வாக்குக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பார்சிப்பனிக்குப் போனார்கள். நூர் முகம்மதின் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பதினான்கு பக்கத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு, அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஆபீஸில் இருபது பேருக்கு மேலதிகாரியாக இருப்பவர் சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் வாசிக்க மாட்டார். முதல் இரண்டு பக்கத்தை வாசித்தார். அதற்கப்புறம் பக்கங்களைப் புரட்ட மட்டும் செய்தார்.

மாஷா அல்லாஹ், நிறைய மேட்டர் இருக்கிறது, ஆனால் நீளம் என்றார். ஆசிரியை ஆண்களைத் திருத்தினாள் என்ற இடத்தில் கோடு போட்டு, ஆண்களும் பயனடைந்தார்கள் என்று மேலே எழுதினார். ஆண்கள் அவள் வாசலில் காத்திருந்தார்கள் என்ற வரி மொத்தமாகப் போனது. விருந்தாளிகள் தப்பாக எடுத்துக்கொள்வார்களாம். எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லவில்லை.

"இந்த எடத்துல, வீட்டையும் குறையில்லாமப் பாத்துக்கிட்டாங்கன்னு ஒரு லைன் ஆட் பண்ணிடும்மா."

"அதுக்கு ஆதாரம் இல்ல, அங்கிள்."

"இதுக்கு எதுக்கும்மா ஆதாரம்?"

அந்தக் காலத்து டமாஸ்கஸில் இப்படி ஒருவர் கேட்டிருந்தால், பட்டியலில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருப்பார்கள் என்று முனவ்வரா நினைத்துப் பார்த்தாள்.

நூர் முகம்மதின் மகள் ஃபைஹா பால் ஊற்றிய சீரியல் கிண்ணத்தோடு வந்து மேசை ஓரத்தில் நின்றாள். பதிமூன்று வயசு, பிறந்தது இங்கே. தமிழில் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அப்பா ஒதுக்கிப் போட்ட பக்கங்களில் ஒன்றை எடுத்து, நின்றபடியே கடைசி வரை வாசித்தாள். அந்த வீட்டில் ஒரு பக்கத்தையாவது முழுதாக வாசித்த முதல் ஆள் அவள்தான்.

"அந்த ஆம்பளைங்க சும்மா கேட்டுட்டு உக்காந்திருந்தாங்களா?" என்று ஆங்கிலத்தில் முனவ்வராவைக் கேட்டாள்.

"ஆமா. நல்லாக் கேட்டவங்களுக்குத்தான் சர்ட்டிஃபிகேட்."

"கூல்" என்று சொல்லிவிட்டு ஃபைஹா அடுத்த பக்கத்தைத் தேடினாள். நூர் முகம்மது மகள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, பால் சிந்திவிடும் என்று தள்ளி வைத்தார்.

முனவ்வரா ஃபைஸைப் பார்த்தாள். ஃபைஸ் சமோசாவைப் பார்த்தான். காரில் வரும்போது அவன் இரண்டு தடவை ஒத்திகைகூடப் பார்த்திருந்தான். இப்போது சமோசாவை இரண்டாகப் பிய்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். நூர் முகம்மது ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனிகளில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வடக்கு ஜெர்சியில் இருந்தது. அந்த வார்த்தையை அவர் சொல்லி யாருக்கும் வேலை கிடைத்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் நம்பிக்கை இருந்தது.

அவளே பேச வேண்டியதாயிற்று. தொண்டையைச் சரிசெய்ய மூன்று தடவை முயன்றாள்.

"அங்கிள், பேசும்போது... எழுதினது யாருன்னு..."

நூர் முகம்மது கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"உன் கூச்சம் எனக்குத் தெரியாதாம்மா? கவலையே படாத. உன் பேர நான் எங்கயும் எடுக்க மாட்டேன். அதோட, பொம்பளைங்க பேர ஃப்ளையர்ல, மைக்லயெல்லாம் போடுறது நம்ம சங்கத்துல வழக்கமும் கெடையாது."

மூன்று வயசுப் பெண் குழந்தையின் பெயரைத் தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு எழுதி வைத்த வழக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறவர், எழுதியவளின் பெயர் வழக்கமில்லை என்கிறார். அதையும் ஓர் உபகாரமாகச் சொல்கிறார். கூச்சப்படுகிறவர்களுக்குப் பெயர் இருக்காது என்று இவருக்கு யார் சொன்னது?

கிளம்பும்போது அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. அந்த இஜாஸா விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டதாம். கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் காலத்து முறைப்படியே ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிடலாம், கையெழுத்து அவர் போடுகிறார், தயார் பண்ணுவதை மட்டும் முனவ்வரா பார்த்துக்கொள்ளட்டும். இருபத்து மூன்று பிள்ளைகள்.

"பழைய ஃபார்மட் எப்படியோ அப்படியே இருக்கணும்மா. அதென்ன, அத்தென்டிக்கா இருக்கணும்" என்றார்.

"அப்படியே பண்ணிடுறேன், அங்கிள்" என்றாள் முனவ்வரா.

திரும்பும் வழியில் ஃபைஸ், நான் சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் நீயே பேசிட்டே என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நூலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். பூக்கொடி பார்டர் ஒன்று போட்டாள். பழைய முறையில் முதலில் கேட்டவர் பெயர் வர வேண்டும், பிறகு யாரிடம் கேட்டது, அவர் யாரிடம் கேட்டது. பிள்ளையின் பெயர் தெரியும். பிள்ளை கேட்கப் போவது நூர் முகம்மதிடம். நூர் முகம்மது யாரிடம் கேட்டார்?

கர்சர் அந்த இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வக நோட்டில் உண்மையில்லாததை எழுதி அவளுக்குப் பழக்கம் இல்லை. நடந்தது எதுவோ அதை டைப் பண்ணினாள். இருபத்து மூன்று பிரதி எடுத்தாள்.

மார்ச் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. பார்சிப்பனியில் வாடகைக்கு எடுத்த ஹாலில் பதினொரு மணிக்கே கூட்டம் சேர ஆரம்பித்தது. வாசலில் ஃப்ளையர் ஒட்டியிருந்தது. சங்கச் செயலாளர் பாசில் தயாரித்தது. தலைப்பு, கீழே 'உரை: சகோதரர் நூர் முகம்மது', அதற்கும் கீழே 'மதிய உணவுப் பொறுப்பு: சகோதரிகள்'. பெண்களின் கல்வியும் அதிகாரமும் ஒரே தாளில் அடங்கிவிட்டன.

நூர் முகம்மது புதுக் கோட்டில் இருந்தார். பிரியாணித் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று, கேஃபடீரியா அம்மாள் வருகிறாளா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முனவ்வரா சர்ட்டிஃபிகேட் கட்டை அவரிடம் நீட்டினாள்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்துட்டு ஸைன் பண்ணுங்க, அங்கிள்."

"நீ பண்ணினா வாசிக்க வேற செய்யணுமா?"

கண் கதவில் இருந்தது, கை கையெழுத்துப் போட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கான்ட்ராக்டர்களின் டைம்ஷீட்டுகளில் அவர் இப்படித்தான் போடுவார் என்று ஃபைஸ் சொல்லியிருந்தான். இருபத்து மூன்று கையெழுத்துக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாமே அழகான கையெழுத்து.

அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேச்சு நாற்பது நிமிஷம். அவர் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுதாக வாசிக்கிறார் என்பது எழுதியவளுக்கு மட்டும் தெரிந்தது. அரைப்புள்ளி வந்த இடத்திலெல்லாம் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தார். வீட்டைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத் தானாகவே சேர்த்துச் சொன்னார். ஆண்கள் பகுதியில் கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள். பாசில் செல்ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. அதில் அவர் கோடு போடவில்லை, ஏனென்றால் அதை அவர் பார்க்கவே இல்லை.

"யாரிடம் கேட்டோம் என்பதை மறைப்பவனை அந்த அறிஞர்கள் நம்பவில்லை" என்று கணீரென்று வாசித்தார். "ஆசிரியர் பெண் என்பதால் அவள் பெயரை விட்டுவிட்டவர்கள் இல்லை. அப்படி விடுவதைத் திருட்டுக்குச் சமமாக நினைத்தார்கள்." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, சபையைப் பார்த்தார். அவருக்கே அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை வாசித்தார்.

முனவ்வரா மடியில் இருந்த சர்ட்டிஃபிகேட் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தன் வாக்கியம் இன்னொருவர் வாயில் இவ்வளவு பெரிதாக ஒலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இவ்வளவு வெறுமையாக ஒலிக்கும் என்றும் நினைக்கவில்லை.

முடிந்ததும் கேஃபடீரியா அம்மாள் எழுந்து, அற்புதம் என்றாள். இதெல்லாம் தனக்குத் தெரியவே தெரியாது, இவ்வளவையும் எப்படித் தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். நூர் முகம்மது தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நிறைய வார இறுதிகள்" என்றார்.

இரண்டு மாதமாக வார இறுதிகளில் அவர் கோல்ஃப் கற்றுக்கொண்டிருந்தார். அது ஹாலில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பிறகு பாசில் முனவ்வராவிடம் கட்டை வாங்கிக்கொண்டு போய், பிள்ளைகளுக்குச் சர்ட்டிஃபிகேட் என்று மைக்கில் அறிவித்தான். சங்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. சும்மா கொடுத்தால் பெற்றோருக்குத் திருப்தி வராது. பிள்ளை மேடையேற வேண்டும், மைக்கில் ஏதாவது சொல்ல வேண்டும், அதை அப்பா கேம்கார்டரில் எடுக்க வேண்டும், அது ஊருக்குப் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தன் சர்ட்டிஃபிகேட்டைத் தானே வாசிக்கும் என்று பாசில் சொன்னான். இருபத்து மூன்று கேம்கார்டர்கள் முன்னால் வந்தன.

தலைவரின் மகள் என்பதால் ஃபைஹா முதலில். காகிதத்தை வாங்கினாள். ஒரு கணம் மனசுக்குள் வாசித்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தாள்.

"நூர் முகம்மதின் மகள் ஃபைஹாவாகிய நான் இதை நூர் முகம்மதிடம் கேட்டேன். அவர் இதை அறந்தாங்கி சாகுல் ஹமீதின் மகள் முனவ்வராவிடமிருந்து பெற்றார். முனவ்வரா இதை ஜெர்சி சிட்டி நூலகத்தின் புத்தகங்களிலிருந்து 2006 ஜனவரி முதல் மார்ச் வரை தேடித் தொகுத்து எழுதினார். இதைப் பிறருக்குச் சொல்ல நூர் முகம்மது எனக்கு அனுமதி தருகிறார்."

பெண்கள் பகுதியில் சில தலைகள் கடைசி வரிசைக்குத் திரும்பின. முனவ்வரா தரையைப் பார்த்தாள்.

நூர் முகம்மது சிரித்தபடியே இருந்தார். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர் முகம். பாசில் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். பாசில் மைக்கை எட்டிப் பிடிப்பதற்குள் இரண்டாவது பிள்ளை அதை வாங்கிக்கொண்டது. அந்தப் பிள்ளையின் அப்பா கேம்கார்டரோடு ஒரு முழங்காலில் உட்கார்ந்திருந்தார். நூர் முகம்மதாக இருந்தாலும் அந்த நேரத்தில் குறுக்கே வர முடியாது.

இருபத்து மூன்று பிள்ளைகளும் வாசித்தார்கள். அமெரிக்க நாக்குகளில் அறந்தாங்கி இருபத்து மூன்று விதமாக உடைந்தது. முனவ்வரா, முனவாரா, மோனவேரா. ஐந்து வயசுப் பையன் ஒருவன் பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எட்டாவது பிள்ளைக்கு மேல் பெண்கள் பகுதியிலிருந்து கைதட்டல் ஒழுங்காக அந்தப் பெயரில் மட்டும் எழுந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

கேஃபடீரியா அம்மாள் எழுந்து கடைசி வரிசைக்கே வந்து, அந்த முனவ்வரா நீதானா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல முனவ்வராவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னாள்.

பிரியாணி நேரத்தில் நூர் முகம்மது அவளைத் தேடி வந்தார். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"இருவத்து மூணு தடவ எழுதிக் குடுத்தேன், அங்கிள். நீங்க ஸைன் பண்ணினீங்க."

அவர், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஃபைஸ் காரை டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏற்றினான். அப்புறம், அங்கிள் மனசு சங்கடப்பட்டிருக்கும் என்றான். அங்கிளின் மனசைப் பற்றி அவனுக்கு நிறைய விஷயங்கள் தெரிந்திருந்தன. முனவ்வராவின் நினைப்பு இன்னும் ஹாலில்தான் இருந்தது. அவ்வளவு பேர் தன்னைத் திரும்பிப் பார்த்தது அவளுக்கு அதுவரை நடந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சங்கத்தின் யாஹூ குரூப்பில் மெயில் வந்தது. 'சர்ட்டிஃபிகேட்டில் ஓர் அச்சுப் பிழை நேர்ந்துவிட்டது. தயவுசெய்து திருப்பித் தரவும். திருத்திய பிரதி விரைவில் வழங்கப்படும்.' கீழே, தலைவர்.

அச்சுப் பிழை என்ற வார்த்தையை முனவ்வரா நாலு தடவை வாசித்தாள். அவள் அத்தாவின் பெயர், அவள் பிறந்த ஊர், அவள் உட்கார்ந்த நூலகம், அவள் உழைத்த மூன்று மாதம், எல்லாம் சேர்ந்து ஓர் அச்சுப் பிழை.

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. பாசில். ஆபீஸ் வராந்தாவிலிருந்து பேசுகிறான் போல, குரல் எதிரொலித்தது. சலாம் சொன்னான், ஹால் சுத்தம் பண்ணியதற்கு நன்றி சொன்னான், சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். திருத்திய சர்ட்டிஃபிகேட் வேண்டும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி இருபத்து மூன்று பிரதி போட வேண்டும். ஃபைல் சிஸ்டரிடம்தானே இருக்கிறது.

முனவ்வராவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பெயரை அழிக்கவும் இவர்களுக்கு அவள்தான் வேண்டும். அதைக்கூடத் தாங்களாகச் செய்யத் தெரியவில்லை.

அப்படி வந்த சிரிப்பு தொண்டையில் அடைத்திருந்ததை நகர்த்தியிருக்க வேண்டும். குரல் தடையில்லாமல் வந்தது.

"எடுத்துடலாம். ஆனா அங்கிள் பழைய ஃபார்மட்படியே இருக்கணும்னு சொன்னார். அதுல நடுவுல ஒரு ஆளை எடுத்தா சங்கிலி அறுந்துடும். அறுந்துட்டா, அதுக்கு மேல இருக்கறவர் யாருகிட்டயும் கேக்கலன்னு ஆயிடும். அப்படிப்பட்டவர் பேரை இஜாஸால போடவே கூடாது. அதனால என் வரிய எடுத்தா நூர் முகம்மது அங்கிள் வரியையும் சேத்துத்தான் எடுக்கணும்."

"அப்போ என்ன மிச்சம் இருக்கும், சிஸ்டர்?"

"பிள்ளைங்க பேரும், லைப்ரரி பேரும். அப்படியே போட்டுக் குடுத்துடட்டுமா? எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஒரு பக்கம்தான்."

பாசில் இரண்டு நிமிஷத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பார்சிப்பனியில் ஒரு கண்ணாடி அறையில் ஒரு மனிதர் இப்போது தராசு பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு தட்டில் அவள் பெயர் இருப்பது, இன்னொரு தட்டில் தன் பெயர் போவது. அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவர் நீதியைப் பார்த்து முடிவு செய்பவராக இருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள்.

இரண்டு நிமிஷம் என்றது இருபத்தைந்து நிமிஷமாயிற்று.

"சிஸ்டர், இப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

"மெயில்?"

"மெயிலா?"

"அச்சுப் பிழைன்னு போட்டீங்களே. அதே குரூப்புல, பிழை ஒண்ணும் இல்லன்னு ஒரு மெயில் போட்டுடுங்க, பாசில். சங்கப் பேருல."

அவன் இழுத்தான். பார்க்கிறேன் என்றான். அவள் ஃபோனை வைக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை, கோபமாகவும் எதுவும் சொல்லவில்லை. சும்மா காத்திருந்தாள். அவளுக்குப் பேசாமல் இருக்கத் தெரியும், அதில் வடக்கு ஜெர்சியில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கடைசியில் பாசில்தான் தாங்க முடியாமல், சரி சிஸ்டர், இப்பவே போட்டுடறேன் என்றான்.

மத்தியானத்துக்குள் மெயில் வந்துவிட்டது. ஒரே வரி. சர்ட்டிஃபிகேட்டில் பிழை எதுவும் இல்லை, எல்லாப் பெயர்களும் சரியானவை. கீழே தலைவரின் பெயர் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார் என்று முனவ்வரா நினைக்கவில்லை.